வேண்டாத மீன்: ஒரு சொல்லும் அதன் பொருளியலும்

1

இலக்கியத் திறனாய்விலே பயிற்சி பெற்ற ஒருவர் மீன்பிடித் தொழிலின் பொருளியல் பற்றி எழுத முற்படுவது எல்லை மீறலாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆயின், சொற்களை அவற்றுக்கு உயிரளிக்கும் சமூக உறவுகளோடு சேர்த்து நோக்குவதே திறனாய்வாளனின் கடமை என்பதை ஏற்றுக்கொள்வோமாயின், இம்முயற்சிக்குத் தனியே நியாயம் கூறவேண்டியதில்லை. கவிதையிலே வரும் சொல்லுக்கு மட்டுமன்றி, அரசாங்க அறிக்கையிலும் பொருளியலாளரின் கட்டுரையிலும் வரும் சொல்லுக்கும் வர்க்கச் சார்பு உண்டு. அத்தகைய சொற்றொடர்களுள் ஒன்றே ‘வேண்டாத மீன்’ என்பதாகும்.

வணிக மீன்பிடியிலே, குறித்த ஓர் இனத்தைக் கருதி இழுக்கப்படும் வலையில் அதனோடு சேர்ந்து வேறு பலவும் அகப்படுகின்றன. வளர்ச்சியடையாத குஞ்சுகள், சந்தையில் விலைபோகாத சிறு மீன்கள், பிடிப்பதற்குச் சட்டம் இடங்கொடாத இனங்கள், கடலாமை, கடற்பறவை, ஓங்கில் ஆகியன அவற்றுள் அடங்கும். இவற்றுள் ஒரு பெரும் பகுதி இறந்தோ, இறக்குந் தறுவாயிலோ மீண்டும் கடலில் எறியப்படுகின்றது. இதனைக் குறைப்பது எங்ஙனம், அதற்காகும் செலவு யாது, வரும் நன்மை யாது என்பன பற்றி அண்மைத் தசாப்தங்களிலே ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. அவற்றின் பயனை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும் அவற்றிலே பயின்றுவரும் தொடரினை இலக்கண மாணவன் ஒருவன் நோக்குவானாயின், அதிலுள்ள குறையை உடனே காண்பான். ‘வேண்டாத’ என்னும் எதிர்மறைப் பெயரெச்சம் ‘மீன்’ என்னும் பெயரைக் கொண்டு முடிகின்றது. எவருக்கு வேண்டாதது என்பதைக் காட்டும் நான்காம் வேற்றுமைப் பெயர் அத்தொடரிலே இல்லை. அந்த இல்லாத பெயரைத் தேடுவதே இங்கு மேற்கொள்ளப்படும் பணியாகும்.

2

மீன் எதுவும் இயற்கையிலே வேண்டாததாகப் பிறப்பதில்லை. பாக்கு நீரிணைப் பகுதியில் இழுவை வலைகளில் மிகுதியாக அகப்படும் காரல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இறாலைக் கருதிச் செல்லும் இழுவைப் படகின் உரிமையாளருக்கு அது இடத்தை அடைக்கும் கழிவு. எமது கரையோரக் கிராமங்களிலோ அது ஏழைகளின் கறி. சொதிக்கு உரிய மீன். பிள்ளை பெற்ற தாய்க்கு ஆக்கிக் கொடுக்கப்படும் உணவு. காயவைத்து விற்கும் பெண்களுக்கு அது பிழைப்பு. ஒரே மீன் ஓரிடத்திலே பயன்பெறுமதி மிக்கதாகவும், மற்றோரிடத்திலே பரிமாற்றப் பெறுமதி அற்றதாகவும் காணப்படுகின்றது. ஆகவே ‘வேண்டாமை’ என்பது மீனின் குணமன்று. குறித்த ஓர் உற்பத்தி உறவிலே அம்மீனுக்குக் கிடைக்கும் இடமே அது.

‘மூலதனம்’ முதலாம் தொகுதியில், உழைப்புச் செயன்முறை பற்றிய அதிகாரத்தின் அடிக்குறிப்பொன்றிலே மார்க்ஸ் இவ்விடயத்தைத் தொட்டுச் செல்கின்றார். இன்னும் பிடிபடாத மீனை மீன்பிடித் தொழிலின் உற்பத்திச் சாதனம் எனக் கூறுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் மீனே இல்லாத நீரிலே மீன் பிடிக்கும் வித்தையை இதுவரை எவரும் கண்டுபிடிக்கவில்லை என்பது அக்குறிப்பின் சாரம். சற்று எள்ளலுடன் எழுதப்பட்ட இக்குறிப்பு, எமது பொருளுக்கு மிக முக்கியமானது. கடலில் எறியப்படும் குஞ்சு மீன் வெறும் கழிவன்று. அழிக்கப்பட்ட உற்பத்திச் சாதனம். ஆலை உரிமையாளர் தம் தறியொன்றை எரித்தால் அது அவருடைய கணக்கேட்டில் நட்டமாகப் பதியப்படும். இழுவைப் படகின் கணக்கேட்டில் எறியப்பட்ட குஞ்சுக்கு எவ்வித பதிவும் இல்லை. அவருக்கு அது இயற்கை இலவசமாக அளித்த கொடை. நட்டம் உண்டு, ஆனால் அது வேறு எவரோ ஒருவருடைய நட்டமாக, வேறோர் ஆண்டின் நட்டமாகச் சென்று சேர்கின்றது.

3

மீன் எறியப்படுவது மீனவரின் பேராசையாலோ அறியாமையாலோ அன்று. படகின் பொருளியலே அதனைத் தீர்மானிக்கின்றது. படகின் அறையிலே இடம் மட்டு. ஏற்றிச் சென்ற பனிக்கட்டியும் மட்டு. கிலோவுக்குப் பன்மடங்கு விலை தரும் இறால் இருக்கும்போது, சில்லறை விலை பெறும் மீனுக்கு அவ்விடத்தையும் பனிக்கட்டியையும் செலவிடுவது நட்டம். எனவே கரைக்குக் கொண்டுவரும் செலவு கரையிலே கிடைக்கும் விலையை மிஞ்சுமாயின் மீன் எறியப்படும். இதனை முதற் காரணம் எனலாம்.

இரண்டாவது காரணம் சட்டத்தால் வருவது. குறித்த இனத்திலே இத்தனை தொன் மட்டுமே கரைசேர்க்கலாம் எனப் பங்கீடு விதிக்கப்படுமிடத்து, பங்கீட்டை மிஞ்சிய மீன் எறியப்படும். அன்றியும், பங்கீடு முழுவதையும் உயர்ந்த விலை தரும் பெரிய மீனால் நிரப்புவதற்காகச் சிறியவற்றைக் கழித்துவிடும் வழக்கமும் தோன்றும். இவ்விடத்திலே ஸ்கொட் கோர்டன் 1954 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையை நினைவுகூர்தல் தகும். பொதுச்சொத்தான கடலில் எவரும் புகலாம் என்பதாலேயே மீன்பிடியின் இலாபம் கரைந்துபோகின்றது என்பது அவரது வாதம். கடலுக்கு உரிமையாளர் இல்லாமையே குறை என்னும் முடிவை அவருக்குப் பின் வந்தோர் பலர் இதிலிருந்து வரித்துக்கொண்டனர். ஆயின் பங்கீட்டைத் தனியுடைமையாக்கி, வாங்கவும் விற்கவும் இடமளித்தாலும் மேற்கூறிய கழிப்பு மறைவதில்லை. வாங்கிய பங்கீட்டின் ஒவ்வொரு கிலோவுக்கும் உச்ச விலை பெற வேண்டும் என்னும் நெருக்குதல் அதனைக் கூட்டவும் கூடும். ஆகவே உடைமையின்மை மட்டுமே காரணம் எனும் விளக்கம் போதாது.

மூன்றாவது காரணம் பெரும்பாலும் பேசப்படாதது. வலையிலிருந்து தளத்திலே கொட்டப்படும் குவியலை இனம் பிரிப்பது உழைப்பு. பங்கு முறையிலே வேலை செய்யும் தொழிலாளருக்கு மணிக்கணக்கிற் கூலி இல்லை. எரிபொருளும் பிற செலவுகளும் கழிந்த பின் எஞ்சுவதிலேயே பங்கு. குவியலிலே குனிந்திருந்து கழிக்கும் நேரம் அவர்களுடைய ஓய்விலிருந்தே எடுக்கப்படுகின்றது. வேண்டாத மீனைப் பிடிப்பதற்கும், பிரிப்பதற்கும், எறிவதற்கும் ஆகும் உழைப்பு எவராலும் விலை கொடுக்கப்படாத உழைப்பாக அமைகின்றது. படகு உரிமையாளருக்கு மலிவாகத் தெரியும் இவ்விரயம், ஒருபுறம் இயற்கையையும் மறுபுறம் தொழிலாளியின் உடலையும் இலவசமாகக் கொள்வதாலேயே மலிவாகின்றது.

4

எறியப்படும் மீனின் அளவு பற்றி உணவு விவசாய ஸ்தாபனம் மூன்று முறை உலகளாவிய மதிப்பீடுகளை வெளியிட்டுள்ளது. 1994 இல் வெளியான மதிப்பீடு ஆண்டுக்கு ஏறத்தாழ 270 இலட்சம் தொன் என்றது. 2005 இல் அது 73 இலட்சம் தொன் எனப்பட்டது. 2019 இல் வெளிவந்த மூன்றாவது மதிப்பீடு 91 இலட்சம் தொன் என்றது. இது பிடிக்கப்படும் மீனில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. அதிலே ஏறக்குறையப் பாதி கடலடி இழுவையினால் விளைவது. இம்மதிப்பீடுகள் வெவ்வேறு முறைகளைக் கையாண்டவை ஆதலின் அவற்றை ஒன்றோடொன்று நேராக ஒப்பிடுதல் தகாது. ஆயினும் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையிலுள்ள பெரும் இறக்கத்துக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. ஆசியாவிலே முன்னர் எறியப்பட்ட மீன் இப்பொழுது கரைக்குக் கொண்டுவரப்பட்டு விற்கப்படுகின்றது என்பதே அது.

வாசகர் இதனை நற்செய்தியாகக் கொள்ளக்கூடும். எறிதல் குறைந்தது உண்மையே, கொல்லுதல் குறைந்ததா? மீன் தூளாலைகளும், கோழித்தீவன உற்பத்தியும், இறால் வளர்ப்புப் பண்ணைகளும் பெருகியதோடு கழிவு மீனுக்கு ஒரு விலை பிறந்தது. நேற்றுவரை வேண்டாததாய் இருந்தது இன்று வேண்டியதாயிற்று. ஆனால் உணவாகவன்று, மூலப்பொருளாகவே வேண்டியதாயிற்று. கோரமண்டலக் கரையின் இழுவைப் படகுகள் பற்றி 2010 இல் வெளியான ஆய்வொன்று இதன் விளைவைத் தெளிவாகக் காட்டியது. இலக்காகக் கொண்ட மீன் குறைந்து, தொழில் நட்டத்தில் ஓடி, தானாகவே நின்றிருக்க வேண்டிய கட்டத்திலும், கழிவு மீனின் விற்பனை அப்படகுகளைத் தொடர்ந்து கடலுக்கு அனுப்பியது என்பதே அவ்வாய்வின் முடிபு. வளம் குன்றும்போது இலாபம் குன்றி மீன்பிடி ஓயும், கடல் மீளும் என்பது சந்தைப் பொருளியல் தரும் ஆறுதல். கழிவே பண்டமாகும்போது அவ்வாறுதலும் பொய்த்துவிடுகின்றது.

‘வேண்டாத மீனைக் குறைத்தல்’ என்னும் இலக்கு எத்துணை மயக்கந் தருவது என்பது இங்கே புலனாகின்றது. மீனைப் பிடிக்காது விடுவதாலும் அது குறையலாம். பிடித்த அனைத்துக்கும் விலை கண்டுபிடிப்பதாலும் குறையலாம். புள்ளிவிவர அட்டவணையிலே இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். முதலாவது கடலைக் காப்பது. இரண்டாவது அழிவைச் சட்டபூர்வமான வருமானமாக்குவது. இரண்டாவதனால் முதலில் நட்டமடைவோர், மலிவான மீனை உண்டவர்களும் அதனைக் கருவாடாக்கி விற்ற பெண்களுமே. தூளாலையின் முகவர் படகிலிருந்து மொத்தமாக வாங்கிச் செல்லும்போது, கூடையுடன் வந்த பெண்ணுக்கு மிஞ்சுவது குறைவு.

5

குறைப்பதற்கென மேற்கொள்ளப்பட்ட கொள்கைகளை இனி நோக்கலாம். அவற்றைத் தொழில்நுட்ப வெற்றி அல்லது தோல்வி என மட்டும் பாராது, ஒவ்வொன்றிலும் செலவு எவர் தலையில் விழுந்தது எனக் கேட்பது பயனுடையது.

ஐக்கிய அமெரிக்கா 1987 இலே தன் இறால் வலைகளில் ஆமை விலக்குச் சாதனத்தைப் பொருத்த வேண்டுமென விதித்தது. வலையின் குறுக்கே சாய்வாக அமைந்த கம்பித் தட்டியும் அதனையொட்டிய திறப்பும் ஆமையை வெளியேற்றும்; இறால் தட்டியூடாகச் சென்று வலையின் அடியிலே சேரும். 1989 இல் இயற்றப்பட்ட சட்டம் இந்நிபந்தனையை இறக்குமதிக்கும் விரித்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. 1998 ஒக்டோபரில் மேன்முறையீட்டுக் குழு, ஆமைகளைக் காக்கும் நோக்கத்தை நியாயமானதாக ஏற்றது. அதே வேளை, சட்டம் நடைமுறைப்படுத்தப்பட்ட விதம் நாடுகளிடையே நியாயமற்ற பாகுபாடு காட்டியது எனத் தீர்த்தது. இவ்வழக்கிலே முற்போக்காளர் எளிதாக ஒரு பக்கஞ் சார முடியாது. ஆமையைக் காத்தல் ஏகாதிபத்தியச் சூழ்ச்சி எனத் தள்ளிவிடுவது பொறுப்பற்றது. ஆனால், மலிவான இறாலுக்கான கேள்வியை உருவாக்கிய அதே சந்தை, அவ்விறாலைப் பிடிக்கும் முறையைத் திருத்தும் செலவைப் பிடிப்போர் மீது சுமத்தியது என்பதும் மறைக்கப்படக் கூடாதது.

நோர்வே 1987 இல் கொட், ஹடக் ஆகிய மீன்களைக் கடலில் எறிவதைத் தடைசெய்தது. பின்னர் ஏனைய இனங்களுக்கும் தடை விரிக்கப்பட்டது. சட்டத்துக்கு மாறாகப் பிடிபட்ட மீனையும் கரைசேர்க்க வேண்டும்; அதன் பெறுமதியில் ஐந்திலொரு பங்கு வரை மீனவருக்குச் செலவுக்காக வழங்கப்படும்; எஞ்சியது மீனவர் விற்பனை அமைப்புக்குச் சேரும். எறிவதற்கும் தூண்டுதல் இல்லை. வேண்டுமென்றே பிடிப்பதற்கும் தூண்டுதல் இல்லை. குஞ்சுகள் மிகுந்த பகுதிகளைத் தற்காலிகமாக மூடும் ஏற்பாடும் உடன் இருந்தது. அந்நாட்டின் இறால் மீன்பிடியிலே 1990களின் தொடக்கத்தில் கட்டாயமாக்கப்பட்ட நோர்ட்மோரே தட்டியின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. அது ஆய்வுகூடத்திலே பிறந்ததன்று. வலையை நிறைத்து வேலையைப் பெருக்கிய சொறிமுட்டைகளை விலக்குவதற்கு மீனவரே கண்ட உபாயம் அது. அது குஞ்சு மீன்களையும் விலக்கும் என்பது பின்னரே அறியப்பட்டது. உழைப்பைக் குறைக்கும் கருவியை உழைப்பவர் எதிர்ப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் தன் 2013ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் மூலம் ‘கரைசேர்த்தற் கடப்பாட்டை’ விதித்து, 2015 முதல் 2019 வரை படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சில விதிவிலக்குகள் நீங்கலாக, பங்கீட்டுக்குட்பட்ட மீன் யாவும் கரைசேர வேண்டும். அளவிற் சிறியவற்றை மனித உணவாக நேரே விற்றல் ஆகாது. பல இனங்கள் கலந்து வாழும் கடலில் ஓரினத்தின் பங்கீடு முடிந்தவுடன் ஏனையவற்றையும் பிடிக்க முடியாத நிலை தோன்றியது. கண்காணிப்புப் போதாமையால் எறிதல் தொடர்கின்றது என்பதை ஐரோப்பிய ஆணைக்குழுவே ஒப்புக்கொண்டுள்ளது. தண்டனை மட்டும் இருந்து, செலவைப் பகிரும் ஏற்பாடு வலுவாக இல்லாதவிடத்து, நடுக்கடலிலே சட்டம் காகிதமாகவே நிற்கின்றது.

இலாப நோக்கை நீக்கிவிட்டால் பிரச்சினை தானே தீரும் எனக் கருதுவோருக்கும் ஒன்று கூறவேண்டும். சோவியத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் திட்ட இலக்குகளை நிறைவேற்றப் பல்லாண்டுகள் சட்டவிரோதமாக வேட்டையாடிப் பொய்க்கணக்குக் காட்டியமை 1990களிலே அம்பலமாயிற்று. தொகையே அளவுகோலாகும் இடத்தில், உடைமை அரசினதாயினும், பிடிபடாத உயிருக்குக் கணக்கேட்டிலே இடமில்லை. கடலின் மீதான சமூகக் கட்டுப்பாடு என்பது அதிகாரிகளின் கட்டுப்பாடு மட்டுமன்று என்னும் பாடத்தை மார்க்சியர் மறக்கலாகாது.

6

கண்ணியளவைப் பெருக்கினால் இன்று பிடி குறையும். குஞ்சுகள் வளர்ந்த பின் பிடி கூடும். இவ்வெளிய கணக்கு எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. இக்கணக்கு நடைமுறையில் தோற்பது ஏன்? காத்திருப்பதற்குப் பொருள் வேண்டும். கடன்பட்டவனுக்கு அடுத்த ஆண்டின் மீனைவிட இன்றைய வட்டியே பெரிது. வியாபாரியிடம் முற்பணம் பெற்றவன் வியாபாரி கேட்கும் மீனையே பிடிக்க வேண்டும். அன்றியும், இன்று பொறுத்தவரும் நாளை பெறுபவரும் ஒருவராக இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

கடனின் இவ்வாதிக்கத்தை எமது இலக்கியம் அறியாததன்று. தகழியின் ‘செம்மீன்’ 1956 இல் வெளிவந்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1953 இல், கேரளத்தின் நீண்டகரையிலே இந்திய-நோர்வேத் திட்டம் தொடங்கியிருந்தது. மீனவரின் உணவையும் வாழ்வையும் மேம்படுத்த வந்த அத்திட்டம், அடுத்த தசாப்தத்திலே ஏற்றுமதிக்கான இறால் இழுவையாக உருமாறியது. செம்மீன் என்றால் இறால். நாவலின் பெயரே வரவிருந்த காலத்தின் பண்டத்தைத் தாங்கி நின்றது. அந்நாவலிலே செம்பன்குஞ்சு தோணியும் வலையும் வாங்குவது பரீக்குட்டியின் பொருளைக் கொண்டு. கதையின் துன்பம் அனைத்துக்கும் வித்தாக அமைவது திருப்பித் தரப்படாத அக்கடனே. ஆயின் நாவல் வளர வளர, கடன் பின்னகர்ந்து, மனைவியின் கற்பே கடற்சென்ற கணவனைக் காக்கும் என்னும் ஐதிகம் முன்னே வருகின்றது. பொருளியல் உறவாகத் தொடங்கியது விதியாக முடிகின்றது. எமது ஈழத்து நாவல்களுள் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ (1973) நெடுந்தீவுக் கரையிலே வாடி அமைத்துத் தொழில் செய்வோரின் வாழ்வைச் சித்திரித்து இத்துறைக்கு வளஞ் சேர்த்தது. எனினும், கரையில் வந்து சேரும் மீனையே எமது புனைகதை கண்டுள்ளது. கடலில் எறியப்படும் மீன் அதன் பார்வைக்குப் பெரிதும் அகப்படவில்லை எனலாம். நெய்தற் பாடல்களில் மீன் நெல்லுக்கு மாற்றாகின்றது. உலரும் மீனைப் பறவை கவர வருகின்றது. விரயமாகும் மீன் என்னும் எண்ணத்துக்கு அவ்வுலகிலே இடமில்லை. எமது நவீன இலக்கியம் அந்த நெய்தலின் நினைவிலிருந்து இன்னும் முற்றாக விடுபடவில்லைப் போலும்.

7

இவ்விடயம் எமக்குத் தொலைவானதன்று. 2009 இல் யுத்தம் முடிந்து வட கடலுக்கு மீண்ட எமது மீனவர், பாக்கு நீரிணையிலே தமிழகத்து இழுவைப் படகுகளை எதிர்கொண்டனர். இழுவை வலை கடலடியை வாரிச் செல்லும்போது குஞ்சுகளோடு சிறு மீனவர் விரித்த வலைகளையும் வாரிச் சென்றது. ஒருவருடைய இறாற் பிடிப்பில், மற்றொருவர் கடன்பட்டு வாங்கிய வலையும் ‘வேண்டாத பிடி’ ஆயிற்று. வலைக்குரியவரும் படகிலே கூலிக்குச் சென்றவரும் ஒரே மொழி பேசுவோர் என்பதும், இருவருமே படகுக்கு உரிமையாளர் அல்லர் என்பதும் இம்முரண்பாட்டை இனப்பிரச்சினையாகவோ எல்லைப் பிரச்சினையாகவோ மட்டும் காண்பது எத்துணைப் பிழையானது என்பதைக் காட்டும். விசைப்படகின் இறால் வலையில் மடியும் குஞ்சு, கரையோரத்துச் செவுள்வலைக்கு நாளை வரவேண்டிய மீன். ஒரே மீன் மீது, அதன் வெவ்வேறு வயதிலே, இரு வர்க்கங்கள் உரிமை கோருகின்றன.

இலங்கை 2017 இலே கடலடி இழுவையைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டில் இந்தியாவில், பாக்கு நீரிணையின் இழுவைப் படகுகளுள் 2,000 ஐ ஆழ்கடல் தூண்டிற் படகுகளாக மாற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டது. படகொன்றின் விலை அப்போது 80 இலட்சம் இந்திய ரூபாவாக இருந்தது. அதில் நூற்றுக்கு 70 பங்கு அரசின் மானியம். எனினும் எதிர்பார்த்த அளவுக்கு உரிமையாளர் முன்வரவில்லை. மானியம் போக எஞ்சிய பகுதியிலும் பெரும்பங்கு கடனே. அன்றியும் அத்திட்டம் உரிமையாளரை முன்னிறுத்தியது; பழைய படகிலே பங்குக்கு வேலை செய்தவர்களுக்கு அதிலே இடம் யாது என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை. எமது பக்கத்திலும் குருநகர் முதலிய இடங்களின் உள்ளூர் இழுவைத் தொழிலாளருக்கு மாற்றுத்தொழில் யாது என்னும் வினா சட்டத்துக்கு வெளியிலேயே நின்றது. தடை நியாயமானது, தடையின் விலையைத் தொழிலாளி மட்டும் செலுத்துவது நியாயமன்று.

தொகுத்து நோக்குமிடத்து, வேண்டாத மீனைக் குறைப்பதன் பொருளியல் என்பது அடிப்படையிலே பங்கீட்டின் பொருளியல் என்பது தெளிவாகும். வலையின் கண்ணியளவை எவரும் கணிக்கலாம். அக்கண்ணியினூடாகத் தப்பிச் செல்லும் மீனின் இன்றைய விலையை எவர் இழப்பது, வளர்ந்து வரும் மீனை நாளை எவர் பெறுவது, இடைப்பட்ட காலத்திலே எவருடைய அடுப்பு எரியாதிருப்பது என்பனவே தீர்க்கப்பட வேண்டிய வினாக்கள். கடன் நீக்கம், தொழிலாளருக்கான இடைக்கால வருமானம், இருகரை மீனவர் அமைப்புகளும் சேர்ந்து மேற்கொள்ளும் கண்காணிப்பு, கழிவு மீனைத் தூளாக்கும் இலாபத்துக்குக் கட்டுப்பாடு ஆகியன இன்றேல் எத்தட்டியும் எத்தடையும் நிலைபெறா.

இத்துறையிலே பொருளியல் மாணவருக்கும் கடலியல் மாணவருக்கும் பணி உண்டு என்பது வெளிப்படை. தமிழ் மாணவருக்கும் பணி உண்டு. கரையோர மக்களிடையே கழிக்கப்படும் மீனுக்கு வழங்கும் பெயர்கள், பங்கு பிரிக்கும் முறைகள், முற்பணத்துக்கான சொற்கள், எவ்வகை வலையை எப்பருவத்தில் இடலாகாது என்னும் ஊர்க்கட்டுப்பாடுகள் ஆகியவற்றைச் சேகரித்து ஆராய்தல் வேண்டும். ‘வேண்டாத’ என்பதற்கு முன்னே விடுபட்டிருக்கும் நான்காம் வேற்றுமைப் பெயரை அறிக்கைகள் தாமாக எழுதப் போவதில்லை. அதனை எழுதக்கூடியோர் கரையிலேயே இருக்கின்றனர்.